ஸ்தானபலமும் காலபலமும்

தமிழ்நாட்டில் ஆங்கிலம் படித்த எவருடைய செவியிலும், அந்தப் பாஷையில் அவர் எவ்வளவு தூரம் தேறினார், எங்கே நின்றுபோனார் என்ற பேதமின்றி, ஒரு பாராயணம் தங்கியிருக்கும்: கோ, வென்ட், கான், ஸீ, ஸா, ஸீன், ரைட், ரோட், ரிட்டன். முதல் மணியில் வகுப்பு முழுவதும் ஒரே ஸ்ருதியில் இதைச் சொல்லும்போது, முதற்சொல் இன்றைக்கு, இரண்டாவது நேற்றைக்கு என்று பிள்ளைகள் ஒருவாறு அர்த்தம் பண்ணிக்கொண்டுவிடுவார்கள். மூன்றாவது எதற்கு என்பதுதான் விளங்காது. அது முந்தாநாளைக்கு என்று ஊகித்துத் திருப்தியடைகிற பையன்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அந்த மூன்றாவது சொல் தனியே நிற்கச் சக்தியற்றது, ஹேவ் என்றோ ஹேட் என்றோ முன்னே ஒரு துணை வந்தாலொழிய வினைமுற்றாக நிற்காது என்று ஆசிரியர் சொல்லுவார். எந்தச் சந்தர்ப்பத்தில் அந்தத் துணையை அழைக்க வேண்டும் என்று சொல்ல வரும்போது அவர் குரலிலேயே ஒரு தயக்கம் தட்டும்.

ஆங்கிலம் பயில்கிறவனுக்கு நம் நாட்டில் கண்டங்கள் இரண்டு. ஒன்று, சொற்களை வரிசைப்படுத்துவது. மற்றொன்று, 'ப்ரெஸண்ட் பெர்ஃபெக்ட்' என்று இலக்கண நூல்கள் பெயரிட்டிருக்கும், நிகழ்காலத்திலும் முழுதும் சேராமல் இறந்தகாலத்திலும் முழுதும் சேராமல் இரண்டின் எல்லையிலே நிற்கும் அந்த வினைவடிவம். முதற் கண்டத்தை நாவின் பழக்கத்தால் தாண்டிவிடலாம். சில வருஷங்களில் பெரும்பாலோர் தாண்டியும் விடுகிறார்கள். இரண்டாவது அவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை. பட்டம் பெற்று, உத்தியோகம் பார்த்து, பென்ஷனும் வாங்கத் தொடங்கிய பிறகு கூட, 'ஐ ஹேவ் ஸீன் ஹிம் எஸ்டர்டே' என்று தடையில்லாமல் சொல்லுகிறவர்கள் நம்மிடையே அநேகர். அவர்களில் சிலர் கோர்ட்டில் மணிக்கணக்காக ஆங்கிலத்தில் வாதாடக் கூடியவர்கள். அறிவுக் குறைவினாலோ அசிரத்தையினாலோ நேர்கிற பிழை இதுவன்று என்பதற்கு அதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை. ஒரு காரியம் எப்போது முடிந்துபோனதாகிறது என்பதைத் தமிழ் ஒரு விதமாகவும் ஆங்கிலம் வேறு விதமாகவும் நிர்ணயிக்கின்றன. அந்த வேற்றுமையை எடுத்துச் சொல்லாமல் விதியை மட்டும் சொல்லிக்கொடுப்பதால்தான் பிழை தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் வரிசையைப் பார்ப்போம். ராமன் ராவணனைக் கொன்றான் என்ற வாக்கியத்தின் மூன்று சொற்களையும் ஆறு விதமாக மாற்றி வைக்கலாம். ஆறிலும் மடிகிறவன் ராவணனே. 'ராவணனைக் கொன்றான் ராமன்' என்றால் ஓர் அழுத்தம், 'கொன்றான் ராமன் ராவணனை' என்றால் ஒரு வேகம், அவ்வளவுதான். இரண்டாம் வேற்றுமையின் ஐ உருபு பற்றிக்கொண்டிருக்கும் வரையில், வாக்கியத்தின் எந்த மூலையில் போய் நின்றாலும் ராவணன் தப்ப முடியாது. ஆங்கிலத்திலோ 'ராமா கில்ட் ராவணா' என்பதைத் திருப்பிப் போட்டால் இதிகாசமே கவிழ்ந்துவிடும். ஜோசியர்கள் கிரகங்களுக்கு ஸ்தானபலம் என்று ஒன்று சொல்லுவார்களே, ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு உள்ள பலம் அநேகமாக அது ஒன்றுதான்: வினைக்கு முன்னே நின்றால் எழுவாய், பின்னே நின்றால் செயப்படுபொருள், சொல்லின் உருவத்தில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. (வினையை முதலில் வைத்துச் சேதி சொன்ன அனுமனை இங்கே அழைக்க வேண்டும் என்று வாசகர்களுக்குத் தோன்றக்கூடும், நம்முடைய மேடைகள் அவரிடம் போதுமான அளவு வேலை வாங்கிவிட்டபடியால் நான் அவரைச் சிரமப்படுத்தப் போவதில்லை.)

ஆங்கிலம் பிறவியிலேயே இப்படி இருந்ததன்று. ஆயிரம் வருஷங்களுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு நான்கு வேற்றுமைகள் இருந்தன. செயப்படுபொருள் வினைக்கு முன்னே வருவதும், சார்பு வாக்கியங்களில் வினை கடைசிக்குப் போய்விடுவதும் அக்காலத்து நடையில் சகஜம். பிற்பாடு, சொல்லின் முதலசையில் அழுத்தம் விழுந்து கடையசைகள் மங்கியதாலும், வட இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரோடு ஏற்பட்ட பாஷைக் கலப்பினாலும், 1066இல் நார்மானியர் வந்து பிரெஞ்சை ஆளும் வர்க்கத்தின் மொழியாக்கியதன் பயனாக ஆங்கில எழுத்து மரபு தளர்ந்து போனதாலும், உருபுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. உருபு உதிர்ந்த பிறகு யார் யாரைக் கொன்றார் என்று தெரிவிக்க வேறோர் உபாயம் வேண்டுமல்லவா? அந்த உபாயமே இடம். ஐ, மீ என்றும், ஹீ, ஹிம் என்றும் பிரதிப்பெயர்களில் மட்டும் பழைய வேற்றுமையின் சின்னம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அங்கேயும், 'ஹிம் ஐ ஸா' என்று சாதாரணப் பேச்சில் எவனும் சொல்லுவதில்லை. சலுகை இருந்தும் பழக்கம் விடவில்லை.

ஆகவே தமிழன் ஆங்கில வாக்கியத்தைக் கட்டும்போது தன் வாக்கியத்தைப் பின்னாலிருந்து முன்னாக அவிழ்க்க வேண்டியவனாகிறான். 'அவன் நேற்று பஸ்ஸில் மதுரைக்குப் போனான்' என்பது 'ஹீ வென்ட் டு மதுரை பை பஸ் எஸ்டர்டே' ஆகும்போது, எழுவாய் ஒன்றைத் தவிர மற்ற யாவும் தலைகீழாக நிற்பதைக் காணலாம். நாம் முதலில் சொல்லிவிடுகிற நேற்று, அவர்களுக்குக் கடைசியில்தான் ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்து வாத்தியார்கள், எழுவாயைச் சொல்லு, பிறகு ஒரே தாவாகக் கடைசிக்குப் போ, அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பின்னுக்கு வா என்று சூத்திரம் போட்டுக் கொடுத்தது இதை அறிந்துதான். சாஸ்திரீயமான முறையல்ல என்றாலும் காரியத்துக்கு உதவிற்று. 'நான் நேற்றுக் கடையில் வாங்கின புத்தகம்' என்பதில் அத்தனை விசேஷணங்களும் முன்னே வந்து புத்தகத்தை எதிர்பார்க்க வைக்கின்றன; ஆங்கிலம் முதலில் புத்தகத்தைக் காட்டிவிட்டு, எந்தப் புத்தகம் என்பதைச் சாவகாசமாகப் பின்னே சொல்லுகிறது. பெரியதைச் சொல்லி அதற்குள் சிறியதை வைப்பதும், விசேஷணத்தைச் சொல்லி அதன்மேல் பொருளை வைப்பதும் நம்முடைய சுபாவம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்று ஊரைச் சொல்லிவிட்டுத்தான் மனிதரைச் சொல்லுகிறோம்.

கேள்வி கேட்பதில் இந்த வேற்றுமை இன்னும் துலக்கமாகிறது. ஆ என்னும் ஓர் இடைச்சொல்லை வைத்துக்கொண்டு நாம் வாக்கியத்தின் எந்தச் சொல்லையும் சந்தேகத்துக்கு உட்படுத்தலாம்: ராமனா நேற்று வந்தான், ராமன் நேற்றா வந்தான், ராமன் நேற்று வந்தானா. மூன்றும் மூன்று கேள்விகள், வரிசை மாறவில்லை. ஆங்கிலத்தில் கேள்வி என்றாலே இடப்பெயர்ச்சி. துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னே வர வேண்டும், துணைவினை இல்லாவிட்டால் டூ என்ற ஒன்றைக் கூலிக்கு அமர்த்த வேண்டும். இந்தச் சடங்கைச் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்ட மாணவன் அதை அளவுக்கு மீறிக் கற்றுவிடுவதும் உண்டு. 'ஐ ஆஸ்க்ட் ஹிம் வேர் இஸ் ஹீ கோயிங்' என்று அவன் சொல்லுகிறபோது, கேள்வியைப் பற்றிப் பேசுவது வேறு, கேள்வி கேட்பது வேறு என்ற நுட்பம் அவனுக்குப் பிடிபடவில்லை. கேள்விச் சொல்லைக் கண்டவுடன் வினையை முன்னே தள்ளிவிட வேண்டும் என்ற அப்பியாசம் அவன் கையை மீறிப் போகிறது.

அப்பியாசம் என்று சொன்னேன். ஆங்கிலத்தின் சொல்வரிசையை அப்பியாசத்தினால்தான் பழக்க வேண்டும் என்று சித்தாந்தம் செய்தவர்களில் முக்கியமானவர் ஹரால்ட் பாமர் என்ற ஆங்கிலேயர். அவர் 1922இல் ஜப்பானுக்குப் போய், டோக்கியோவில் பல வருஷங்கள் இருந்து, ஜப்பானியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதிக்கும் முறைகளை ஆராய்ந்தார். அவருடைய காரியத்தை அங்கேயே தொடர்ந்து செய்த ஹார்ன்பி என்பவர், ஆங்கில வினைச்சொற்கள் பின்னே எந்தெந்த வரிசையில் எவையெவை வரும் என்பதை இருபத்தைந்து அமைப்புகளாக வகுத்து, அவற்றை மாணவர்களுக்கான ஓர் அகராதிக்குள்ளேயே சேர்த்தார். யுத்த காலத்தில் 1942இல் டோக்கியோவில் வெளியான அந்த அகராதியே பின்பு ஆக்ஸ்போர்டின் பெயரால் உலகமெங்கும் பரவியது. இதிலே நமக்குரிய விசேஷம் ஒன்று உண்டு. ஜப்பானிய மொழியும் தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைப்பது. அதுவும் உருபுகளைப் பெயரின் பின்னே ஒட்டிக்கொள்வது. அவ்விதமான ஒரு பாஷையைப் பேசுகிற பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுந்தார்களோ அங்கே நின்று கவனித்தவர்களின் கையில்தான் அந்த முறை உருவாயிற்று. லத்தீன் இலக்கணத்தின் சட்டையை ஆங்கிலத்துக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பழைய பண்டிதர்களுக்கு, வரிசை என்பது போதிக்கப்பட வேண்டிய ஒரு விஷயம் என்று அந்த அளவுக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை.

1950களில் சென்னை ராஜ்யத்துப் பள்ளிக்கூடங்களுக்கு இந்த முறை வந்து சேர்ந்தது. கரும்பலகையில் ஆசிரியர் நான்கு கட்டம் போடுவார். முதற் கட்டத்தில் ஐ, யூ, ஹீ, த பாய்ஸ். இரண்டாவதில் ஹேவ், ஹேஸ். மூன்றாவதில் ஸீன், டேக்கன், ப்ரோக்கன். நான்காவதில் த பென், த ஸ்லேட், த டோர். இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு போனால் வாக்கியம் தானே அமையும். ஹீ என்றவன் ஹேவ் என்ற வரியில் கால் வைத்தால் மட்டும் வகுப்பு கொல்லென்று சிரிக்கும். கட்டங்களின் வரிசையை மாற்ற எவருக்கும் உரிமையில்லை. நூறு வாக்கியங்களைச் சொல்லி முடிக்கும்போது, பென் என்பது ப்ரோக்கனுக்குப் பின்னேதான் வரும் என்பது மூளையைவிட்டு நாவுக்கு இறங்கியிருக்கும். இதைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று பரிகசித்தவர்கள் உண்டு. அந்தப் பரிகாசத்தில் எனக்குச் சம்மதமில்லை. இடத்தைப் பொறுத்த விஷயம் இடத்தைக் காட்டித்தான் கற்பிக்கப்பட வேண்டும்; காரணம் கேட்டுத் தெளிய வேண்டிய பொருள் அதிலே அதிகமில்லை.

ஆனால் அதே கரும்பலகை, அதே கட்டம், அந்த மூன்றாவது சொல்லின் விஷயத்தில் தோற்றுப்போகிறது. 'ஐ ஹேவ் ப்ரோக்கன் த ஸ்லேட்' என்ற வாக்கியத்தை எப்படிக் கட்டுவது என்பதைக் கட்டம் சொல்லும். எப்போது அதைச் சொல்லுவது, எப்போது 'ஐ ப்ரோக் த ஸ்லேட்' என்பதோடு நிறுத்திக்கொள்வது என்பதைக் கட்டம் சொல்லாது. அதற்கு நம்முடைய மாணவன் 'ரென் அண்ட் மார்ட்டின்' என்ற அந்தப் பெரிய புத்தகத்தைத் திறக்கிறான். (ஆப்பிரிக்கப் பாலைவனத்துப் பிரெஞ்சு அன்னியப் படையைப் பற்றி 'போ ஜெஸ்ட்' என்ற வீரசாகச நாவலை 1924இல் எழுதிப் பேர்பெற்ற பி. ஸி. ரென்தான் இந்த இலக்கணத்துக்கும் ஒரு கர்த்தா என்பதை அறிந்தவர்கள் குறைவு; இலக்கணத்தில் அந்தச் சாகசத்தின் சாயல் துளியும் இல்லை.) சற்று முன்னர் முடிந்த காரியங்களுக்கும், காலம் குறிப்பிடாத இறந்தகாலச் செயல்களுக்கும், முடிந்த செயலின் பயன் இப்போதும் தொடர்வதற்கும், முன்னே தொடங்கி இன்னும் நடப்பதற்கும் இந்த வடிவம் வரும் என்று அத்தகைய நூல்கள் வகுத்துச் சொல்லுகின்றன. ஒவ்வொன்றும் உண்மை. ஆயினும் நான்கு விதிகளையும் மனப்பாடம் செய்தவன், பரீட்சையில் கோடிட்ட இடத்தைக் கண்டதும், நான்கில் எது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

நான்குக்கும் அடியிலே ஓடுகிற எண்ணம் ஒன்றுதான். பேசுகிறவன் நிற்கிற நேரமும் காரியம் நடந்த நேரமும் ஒரே காலக்கட்டுக்குள் இன்னும் இருக்கின்றனவா, அல்லது நடுவிலே ஒரு கதவு சாத்தப்பட்டுவிட்டதா என்பதே ஆங்கிலம் கேட்கிற கேள்வி. காலை பதினோரு மணிக்கு ஒருவன், 'ஐ ஹேவ் ஸீன் ஹிம் திஸ் மார்னிங்' என்கிறான். காலை இன்னும் தீரவில்லை, கதவு திறந்திருக்கிறது, வாக்கியம் சரி. அதே மனிதன் அதே சந்திப்பைப் பற்றி மாலை நாலு மணிக்குச் சொல்லும்போது 'ஐ ஸா ஹிம் திஸ் மார்னிங்' என்று சொல்ல வேண்டும். காலை என்பது போய்விட்டது. நடந்த காரியத்தில் ஓர் அணுவும் மாறவில்லை, சூரியன்தான் நகர்ந்திருக்கிறான். எஸ்டர்டே என்ற சொல் கதவைத் தாளிட்டுவிடுகிற சொல். வென் என்ற கேள்வியும் அப்படிப்பட்டதே. அதனால்தான் வீட்டுக்கு வந்த விருந்தாளியை நாம் மிகுந்த பிரியத்தோடு 'வென் ஹேவ் யூ கம்?' என்று உபசரிக்கும்போது ஆங்கிலேயன் புருவத்தை உயர்த்துகிறான். பத்திரிகைகளைக் கவனித்தால் இது தெளிவாக விளங்கும். மந்திரி ஒருவர் ராஜினாமா செய்தார் என்ற சேதியின் முதல் வாக்கியம் 'ஹேஸ் ரிஸைன்ட்' என்று வரும். நேற்றிரவு, இன்ன இடத்தில், இன்னாரிடம் என்று விவரம் தொடங்கிய கணமே 'ஹேஸ்' மறைந்து வெறும் இறந்தகாலம் வந்துவிடும். அறிவிப்பு இன்றைக்கு உரியது. விவரம் நேற்றைக்கு உரியது.

இந்த விஷயத்தில் ஆங்கிலம் தன் உறவினர்களிடையே கூடத் தனிப்போக்கு உடையது. பிரெஞ்சுக்காரனும் ஜெர்மானியனும் 'ஹேவ்' என்பதற்கு நேரான தங்கள் வினையை வைத்துக்கொண்டே, நேற்றுப் பார்த்தேன் என்பதைத் தாராளமாகச் சொல்லுகிறார்கள். பாரிஸிலிருந்து ஆங்கிலம் கற்க வருகிற மாணவனும் நம்முடைய கும்பகோணத்து மாணவன் விழுகிற அதே குழியில்தான் விழுகிறான். ஆதியில் இந்த வடிவம் காலத்தைப் பற்றியதாகவே இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'அவனைக் கட்டுண்டவனாக உடையேன்' என்பது போன்ற அமைப்பு அது. ஹேவ் என்றால் உண்மையிலேயே உடைமை, பின்னே வந்த சொல் செயப்படுபொருளுக்கு அடைமொழி. அந்த அடைமொழி பொருளின் வேற்றுமைக்கு ஏற்ப விகுதியும் ஏற்றது. தமிழில் இதற்கு மிக அணுக்கமான பிரயோகம் 'கட்டி வைத்திருக்கிறேன்', 'எழுதி வைத்திருக்கிறேன்' என்பவை. உடைமை இல்லாத வினைகளுக்கு, வருவது போவது போன்றவற்றுக்கு, ஹேவ் வரவில்லை. 'இஸ் கம்', 'இஸ் கான்' என்றே வழங்கின. 1611இல் வெளியான ஜேம்ஸ் அரசரின் பைபிளில் அந்தப் பிரயோகம் நிறைய உண்டு. அணுகுண்டைச் செய்த ஓப்பன்ஹைமர், கீதையின் பதினோராம் அத்தியாயத்து வாக்கியமொன்றைத் தாம் நினைத்துக்கொண்டதாக 1965இல் தொலைக்காட்சியில் சொன்னபோது, 'ஹேவ்' வர வேண்டிய இடத்தில் 'ஆம்' என்று சொன்னது பலருக்குப் பிழைபோல் தோன்றியதற்கும் காரணம் இதுவே. அது பிழையன்று, பழைய வழக்கின் எச்சம்.

இனி நம்முடைய பக்கத்துக்கு வருவோம். 'ஹேவ்' என்றால் 'இருக்கிறேன்' என்று எழுதிக்கொள்ளும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லுகிறார்கள்: ஐ ஹேவ் கம், வந்திருக்கிறேன். பாதி தூரம் வரையில் இது சரியாகவே போகிறது. பிறகு வழி பிரிகிறது. விடியற்காலையில் எழுந்து கதவைத் திறக்கிற ஒருவர், முற்றம் ஈரமாக இருப்பதையும் முருங்கை இலைகள் தரையில் ஒட்டிக்கிடப்பதையும் பார்த்து, 'ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறார். ராத்திரி முழுவதும் திண்ணையில் விழித்திருந்து அந்த மழையைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். 'ராத்திரி மழை பெய்தது' என்றுதான் சொல்லுவார். ஆகவே நம்முடைய 'இருக்கிறது' கேட்கிற கேள்வி கதவு சாத்தியாயிற்றா என்பதன்று. அந்தக் காரியத்தின் அடையாளம் ஏதேனும் இன்னும் எஞ்சியிருக்கிறதா, எதைக் கண்டு நீ இதைச் சொல்லுகிறாய் என்பதே அதன் கேள்வி. அடையாளம் இருக்கும் வரையில் நேற்று என்றாலும் ராத்திரி என்றாலும் ஆயிரம் வருஷத்துக்கு முன் என்றாலும் அதற்கு ஆட்சேபமில்லை. 'ராஜராஜன் இந்தக் கோயிலுக்கு நிவந்தம் கொடுத்திருக்கிறான்' என்று கல்வெட்டைக் காட்டி நாம் சொல்லுவது முற்றிலும் நல்ல தமிழ். அதையே ஆங்கிலத்தில் ஹேஸ் போட்டுச் சொன்னால், ராஜராஜன் இன்னும் தஞ்சாவூரில் இருப்பது போன்ற தோற்றம் உண்டாகும்.

ராஜராஜன் வரை போக வேண்டியதில்லை. காந்தியடிகள் 1921இல் மதுரையில்தான் அரையாடை விரதத்தை மேற்கொண்டார். 1946இலும் அங்கே வந்து மீனாட்சி கோயிலுக்குள் சென்றார். 1948 ஜனவரி 29ஆம் தேதியன்று ஒருவன் 'காந்தி ஹேஸ் விஸிட்டட் மதுரை' என்று எழுதியிருந்தால் அதில் குற்றம் காண்பதற்கில்லை. மறுநாள் மாலைக்குப் பிறகு அந்த 'ஹேஸ்' செல்லாது. 'காந்தி விஸிட்டட் மதுரை' என்றே எழுத வேண்டும். மதுரைக்கு அவர் வந்த யாத்திரையில் எந்த மாறுதலும் இல்லை. ஆனால் இனிமேல் வர முடியாதவர் என்று ஆனவுடன், ஆங்கிலம் அவருடைய பழைய வருகைகளையும் சேர்த்துக் கதவுக்கு அப்பால் வைத்துவிடுகிறது. ஊரைப் பற்றிய பேச்சாக இருந்தால் நிலைமை வேறு. 'மதுரை ஹேஸ் ஸீன் மெனி லீடர்ஸ்' என்று இன்றைக்கும் சொல்லலாம், ஊர் உயிரோடிருக்கிறதல்லவா? தமிழிலோ, 'எங்கள் ஊருக்குக் காந்தி வந்திருக்கிறார்' என்று இன்றைக்கும் ஒரு கிழவர் சொன்னால், கேட்கிறவர்கள் யாரும் அவரைத் திருத்துவதில்லை. ஊரின் ஞாபகத்திலே அடையாளம் இருக்கிறது. நமக்கு அது போதும். இரண்டில் எது உயர்வு என்று கேட்பது வீண். ஆனால் ஒன்றின் கணக்கை மற்றதன் ஏட்டில் எழுதினால் தப்பு வரும் என்பது மாத்திரம் நிச்சயம்.

கால அளவைச் சொல்லும் இடத்தில் இது எதிர்த்திசையில் நேர்கிறது. நம்முடைய பிள்ளைகள் சொந்தமாக எழுதுகிற முதல் ஆங்கில இலக்கியம் லீவ் லெட்டர்தான். 'ஆஸ் ஐ ஆம் ஸஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் அந்தக் கடிதத்தை, ஜுரமே இல்லாதவன் கூடப் பிழையில்லாமல் எழுதுவான். பிழை வருவது மறுவாரம், மூன்று நாளாக ஜுரம் அடிக்கிறது என்று எழுத நேரும்போது. தமிழில் அடிக்கிறது என்பது நிகழ்காலம்; ஆகவே அவன் 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் ஸின்ஸ் த்ரீ டேஸ்' என்று எழுதுகிறான். ஆங்கிலத்துக்கு வேண்டியது 'ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்'. ஹேவையும் ஹேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே அவனுக்கு அச்சுப் பிழைபோல் தோன்றும். இங்கேயும் அந்தச் சாத்தாத கதவுதான் காரணம்: மூன்று நாளைக்கு முன் தொடங்கியது இந்த நிமிஷம் வரையில் ஒரே கட்டாக வந்திருக்கிறது. ஜுரம் விட்ட பிறகு 'ஐ ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்றால் போதும். தமிழும் இதைப் பிரித்தே காட்டுகிறது. மூன்று நாளாக இருக்கிறது என்பது ஒன்று, மூன்று நாள் இருந்தது என்பது வேறு.

ஸின்ஸ், ஃபார் என்ற இரண்டையும் பற்றி ஆசிரியர்கள் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன். ஒன்று காலப் புள்ளி, மற்றொன்று கால அளவு என்று விதி சொல்லிப் பத்து உதாரணம் போட்டும், பதினோராவது வாக்கியத்தில் பையன் 'ஸின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்பான். தமிழில் இந்தப் பேதம் ஏற்கெனவே இருக்கிறது என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லுகிறவர்கள் குறைவு. 'திங்கட்கிழமையிலிருந்து' என்று சொல்லுகிற இடத்தில் ஸின்ஸ். 'மூன்று நாளாக' என்று சொல்லுகிற இடத்தில் ஃபார். படிக்காத பாட்டிகள் கூட இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லுவதில்லை. தாய்மொழியிலே தானே அறிந்திருக்கிற ஒரு நுட்பத்தை, ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்ற விரதத்தினால், அன்னிய வஸ்துவைப் போல் கற்பிக்கிறோம்.

பவணந்தி முனிவர் நன்னூலில், விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களால் முக்காலமும் தம்முள் மயங்கி வருவதற்கு இடம் கொடுத்திருக்கிறார். சாப்பிட அழைத்தால், இன்னும் கொல்லைப்புறத்தில் இருக்கிறவர் 'இதோ வந்துவிட்டேன்' என்கிறார். வராதவர் வந்துவிட்டதாகச் சொல்லுவது விரைவினால். காலம் என்பது கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுவது மட்டுமன்று, பேசுகிறவனுடைய மனோநிலையும் அதிலே கலந்தது என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இலக்கணமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்தச் சூத்திரத்தைத் தமிழ் மணியில் வாசித்த மாணவன், அடுத்த ஆங்கில மணியில், காலை கழிந்தால் 'ஹேவ்' கழியும் என்பதைக் கேட்டு ஆச்சரியப்பட வேண்டியதில்லை. இரண்டு மணிகளுக்கும் நடுவில் ஒரு சுவரை எழுப்பியவர்கள் நாம்.

அமெரிக்கர்கள் இந்த விஷயத்தில் ஆங்கிலேயரைப் போல் அவ்வளவு கெடுபிடி பண்ணுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'ஹேவ் யூ ஈட்டன்?' என்று லண்டனில் கேட்பதை 'டிட் யூ ஈட்?' என்று நியூயார்க்கில் கேட்டுவிடுகிறார்கள். 'ஐ ஜஸ்ட் ஏட்' என்பது அங்கே சர்வ சாதாரணம். அதைக் காட்டி, இந்த வடிவத்தையே பாடத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று வாதிக்கிற சோம்பேறித்தனமும் நம்மிடம் தலைகாட்டுகிறது. அமெரிக்கனும் 'ஸின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று சொல்லுவதில்லை; 'ஹேவ் ஸீன் எஸ்டர்டே' என்றும் சொல்லுவதில்லை. அவன் கதவைச் சற்று முன்னதாகச் சாத்துகிறான், அவ்வளவே.

ஆகவே அப்பியாசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த அப்பியாசம் எதற்கு என்று பிரித்துக்கொள்ளச் சொல்லுகிறேன். வரிசைக்குக் கட்டங்கள் இருக்கட்டும், பாராயணமும் இருக்கட்டும். இந்தக் காலவடிவத்துக்கு மட்டும் கட்டம் உதவாது. பேசுகிறவன் யார், அவன் எந்த நேரத்தில் நிற்கிறான் என்று தெரிந்தாலொழிய விடை சொல்ல இயலாத விஷயம் இது. 'ஷீ —— த லெட்டர்' என்று நடுவிலே கோடு போட்டு, அடைப்புக்குறிக்குள் 'ரைட்' என்று கொடுத்துவிட்டால், 'ரோட்' என்று எழுதினவனும் 'ஹேஸ் ரிட்டன்' என்று எழுதினவனும் இருவருமே சரி. அதிலே ஒருவனுக்கு மதிப்பெண்ணும் மற்றவனுக்குச் சிவப்பு மையும் கொடுப்பது அநியாயம். வினாத்தாள் தயாரிக்கிற ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது ஒன்றே: ஒவ்வொரு கோடிட்ட இடத்தின் தலையிலும், யார், யாரிடம், எந்த வேளையில் பேசுகிறார் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்; அதைப் படித்த பிறகும் தவறாக எழுதினவனிடம் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.